பென்சில் முகத்தில் சாயலைத் தேடாதீர்கள்

யாராவது ஒரு பென்சில் போர்ட்ரெய்ட்டைப் பகிர்ந்தால் கீழே விழும் முதல் பாராட்டு, "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு!" உள்ளே இருக்கும் உணர்ச்சியைக் காட்ட உருவத்தை வேண்டுமென்றே கோணலாக்கும் எக்ஸ்பிரஷனிசப் பாணியில் வரைந்தவருக்கு இது பாராட்டே இல்லை. கழுத்து நீண்டுபோச்சு, ஒரு கண் பெருசா இருக்கு என்று நாம் குறை கண்டுபிடிக்கும் இடங்களில்தான் அவர் சொல்லவந்ததே இருக்கிறது.

அந்தப் பாணியில் வரைந்த வியன்னா ஓவியர் எகான் ஷீலேயைப் பாருங்கள். 1890இல் பிறந்து, 1918இல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் 28 வயதில் இறந்தவர். அவர் ரப்பரைத் தொட்டதில்லை என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எதிரே இருப்பவர் அசைந்தால், பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே புதுக்கோடு. வண்ணம் பூசுவது பிறகு, ஆள் எதிரே இல்லாதபோது. ஆகவே அந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது கோட்டைத்தான். தோளில் தொடங்கி விரல்வரை அதன்கூடவே கண்ணை ஓட்டுங்கள். முழங்கை, விரல்முட்டி, தாடை என்று எலும்பு முட்டும் இடங்களில் கோடு மடங்கி ஒடிகிறது. சதைமேல் வரும்போது வழுக்கிக்கொண்டு போகிறது. பிறகு பார்க்க வேண்டியது, வரையாமல் விட்ட வெற்றிடம். பல படங்களில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு நாற்காலியே வரைந்திருக்க மாட்டார். உடம்பின் பாரம் தாங்க ஒன்றுமில்லாமல் தொங்குகிறது. பார்க்கிற நமக்கு ஏற்படும் பதற்றத்தில் பாதி அங்கிருந்து வருகிறது.

பென்சிலுக்கு ஓர் எல்லை உண்டு. அதன் உள்ளே இருக்கும் கிராஃபைட்டை எவ்வளவு அழுத்தினாலும் ஓரளவுக்குமேல் கருக்காது, பளபளக்கத்தான் செய்யும். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933இல் தன்னையே வரைந்த பக்கவாட்டுப் படத்தில், முகத்தை நிதானமாக வரைந்துவிட்டு, கையை மட்டும் முன்னும் பின்னுமாக வேகமாக இழுத்த தடித்த கோடுகளால் முடித்திருப்பார். அது கரியால் வரைந்தது, அழுத்தினால் மினுக்கமில்லாத கறுப்பு கிடைக்கும். பென்சிலில் அதே வேகத்தை இருட்டால் காட்ட முடியாது, கோட்டின் போக்கால்தான் காட்ட வேண்டும்.

வரைந்து பார்ப்பவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். விரலால் தேய்த்து நிழல் போடுகிறார்கள்; விரலின் எண்ணெய் தாளில் ஏறித் திட்டுத்திட்டாகிறது, கோடு செத்து ஒரே சாம்பல் மிஞ்சுகிறது. இன்னொன்று, முகத்தில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கோணலாக்குவது. அப்போது அது கேலிச்சித்திரம் ஆகிவிடும். நெற்றியோ கையோ, ஏதாவது ஒன்றை மட்டும் மிகைப்படுத்துங்கள், மற்றது அடங்கியிருக்கட்டும். 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) கனமுள்ள கார்ட்ரிட்ஜ் எனும் வரைதாள், 2பி பென்சில் ஒன்று, அதைவிட மென்மையாகவும் கறுப்பாகவும் எழுதும் 6பி ஒன்று போதும். 6பியைக் கடைசி ஐந்தாறு அழுத்தங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே எடுத்தால் பிறகு அழுத்திச் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது.

படமெடுத்துப் போடும்போது ஒரு வேண்டுகோள். நேர் வெளிச்சத்தில் கிராஃபைட் மின்னி, கறுப்பு வெளுத்துவிடும். பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். செல்போன் சில நேரம் தானாகவே பிரகாசத்தைக் கூட்டி மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும், அப்படி ஆனால் அதைக் கொஞ்சம் குறையுங்கள். முழுப் படத்தோடு கண்ணோரத்தையோ விரல்முட்டியையோ நெருக்கத்தில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்துப் போடுங்கள். எங்கே கை அழுத்தியது, எங்கே தயங்கியது என்பது அதில்தான் தெரியும்.