கை தை

ஹாங்காங் வந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். காலை டிபனுக்கு ஆபீஸ் ஆட்களோடு ஒரு சா சான் தெங்கில் உட்கார்ந்திருந்தேன் (நம்ம டீக்கடையும் மெஸ்ஸும் சேர்ந்த மாதிரி ஒரு கடை, பால் டீக்கு இங்கே நாய் சா என்று பெயர், முதல் வாரம் நான் தொடவே இல்லை). பக்கத்தில் என்னைவிட நாலு வயது சின்னவன், எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவன். அவன் தோளில் கைபோட்டு, "இவன் என் கை தை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எதிரே மக்ரோனி சூப் குடித்துக்கொண்டிருந்த அக்காவின் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

என் கணக்கு இதுதான். ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான காண்டனீஸில் 'கை' என்று முன்னால் போட்டால் ரத்த உறவில்லாமல் ஏற்றுக்கொண்ட உறவு. கை மா என்றால் வளர்ப்புத் தாய் போல ஒருவர், கை கோ என்றால் அண்ணன் முறை. 'தை' தம்பி. அப்படியென்றால் கை தை உடன்பிறவாத் தம்பிதானே? கணக்கு சரி, ஆனால் இந்த ஊரில் அது கெட்ட வசவு, ஒரு காலத்தில் ஆண்கள் ஆசைக்கு வைத்துக்கொண்ட பையனைக் குறித்த சொல். நிஜத் தம்பி முறையைச் சொல்ல 'கை ஸை லோ' என்று சுற்றிக்கொண்டு வருவார்கள்.

இதற்கு நேரெதிர் 'ஸெய் தோங்'. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் சாவுக் கும்பல்! ஆனால் பள்ளிக்கூடப் பெண்கள்கூட உயிர்த்தோழியை இப்படித்தான் சொல்கிறார்கள், பாட்டி காதில் விழுந்தாலும் பரவாயில்லை. எனக்குப் பிடித்தது 'ஸா போ ஹிங் தை', மண்சட்டிச் சகோதரர்கள், கஷ்டகாலத்தில் ஒரே சட்டிச் சோற்றைப் பகிர்ந்தவர்கள். கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், அடிக்கட்டும்.

அதனால்தான் 'நண்பனை அழைக்கப் பத்து காண்டனீஸ் சொற்கள்' வகை வீடியோக்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அர்த்தம் சொல்வார்கள், யார் யாரிடம் சொல்லலாம் என்று வாய் திறக்க மாட்டார்கள். 'புக் காய்' என்றால் தெருவில் விழுந்து சாவு, நெருங்கிய பையன்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்வது. நம்ம நண்பன் 'டேய் எருமை' என்றால் சிரிக்கிறோம், நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் சொன்னால்? அப்புறம் 'ஸவ் சுக்', கையும் காலும், உடன்பிறப்பு என்ற பொருளில் அழகான பழைய சொல். 2019-இல் இங்கே நடந்த அரசு எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவில் நின்றவர்கள் ஒருவரையொருவர் அப்படி அழைத்துக்கொண்டார்கள். அதை ஆபீஸில் நான் விளையாட்டுக்குக்கூட எடுக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் 'ஹோ ஃபிரெண்ட்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆங்கிலச் சொல்லைப் பிடித்து, நாம் 'ரொம்ப ஃபிரெண்டு' என்கிற மாதிரியே வளைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் அவர்கள் முதலில் நம்மைக் கூப்பிடட்டும், பிறகு பார்க்கலாம் என்பது என் கட்சி.

அந்தப் பையன் போனில் என் நம்பர் இன்றைக்கும் கை தை என்றுதான் இருக்கிறது. நான் அவனை அப்படி மறுபடி கூப்பிடவில்லை.