"வளர வளர சரியாயிடும்"னு சொன்ன நிபுணர்களுக்கு

நேத்து அந்த அம்மாவோட போஸ்ட்டுக்குக் கீழ நடந்த கூத்த எல்லாரும் பாத்திருப்பீங்க. 8 மாசக் குழந்தைக்கு ஒரு கண்ணு எப்பவும் உள்பக்கமா திரும்பியே இருக்கு, என்ன பண்றதுன்னு கேட்டாங்க. வரிசையா வந்து "வளர வளர சரியாயிடும், பதறாதீங்க"ன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிட்டாங்க. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொன்ன எனக்குத்தான் திட்டு.

பார்வைங்கிறது பொறக்கும்போதே முழுசா வந்துடற சமாச்சாரம் இல்லங்க. பொறந்த குழந்தைக்கு 20, 30 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கிறதுதான் ஓரளவு தெரியும், அதாவது பால் குடிக்கும்போது அம்மா முகம், அதுக்கு மேல எல்லாம் மங்கல். ரெண்டு கண்ணு அனுப்புறதையும் சேத்து ஆழம் பாக்குறதையே மூளை 3லேருந்து 5 மாசத்துக்குள்ளதான் கத்துக்க ஆரம்பிக்குது. பாக்கக் கத்துக்கிறது மூளைங்க, அதுக்கு ஒரு காலம் இருக்கு, அது போயிட்டா அப்புறம் தேத்துறது ரொம்பக் கஷ்டம். ஹ்யூபல், வீசல்னு ரெண்டு விஞ்ஞானிங்க பூனைக்குட்டியோட ஒரு கண்ண மூடி வச்சுட்டு அப்புறம் தொறந்தப்ப கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, மூளைதான் அந்தக் கண்ண கைவிட்டுடுச்சு. வளந்த பூனைக்கு அதே மாதிரி மூடினா ஒன்னும் ஆகல. குழந்தைக்குத் திரும்பியே இருக்கிற கண்ணையும் மூளை இப்படித்தான் கைவிட்டுடலாம். 1981ல அவங்களுக்கு நோபல் சும்மா குடுக்கல.

முதல் ரெண்டு மூணு மாசம் கண்ணு அப்பப்ப விலகிப் போறது சகஜம்தான், ஒத்துக்கறேன். மூக்குத்தண்டு அகலமா இருந்தாலும் மாறுகண் மாதிரி தெரியும், அதுவும் உண்மை. ஆனா மூக்கா கண்ணான்னு ஒரு ஃபோட்டோவ வச்சு முடிவு பண்ண நீங்க யாரு?

"நீ என்ன டாக்டரா?"ன்னு கேட்டவருக்கு: இல்லங்க, நான் அந்தப் பூனைக்குட்டி. எங்க வீட்லயும் சரியாயிடும்னுதான் சொன்னாங்க. வலது கண்ண மூடினா இடது கண்ணுக்கு எழுத்தெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறி நெரிசலா நிக்கும், கண்ணாடி போட்டாலும் அதே கததான். ஊசில நூல் கோக்கப் போனா பக்கத்துல காத்தக் கோத்துட்டிருப்பேன். 3டி படத்துல பக்கத்து சீட்டுக்காரன் பதறி விலகுவான், எனக்கு எல்லாம் தட்டையா தெரியும். பள்ளிக்கூடத்துல கண் பரிசோதனைக்கு வந்தவங்க கண்டுபிடிச்சப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. 7 வயசுக்குள்ள வந்திருந்தா நல்ல கண்ண பேட்ச் ஒட்டி மூடி, மத்த கண்ணுக்கு வேலை குடுத்தே நெறைய தேத்தியிருக்கலாம்னு சொன்னாங்க.

"அந்தக் காலத்துல யாரு டாக்டர்கிட்ட ஓடினா?" ஓடல, சரி. எத்தன பேர் ஒத்தக் கண்ணுல காலத்த ஓட்டினாங்கன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்கே தெரிஞ்சிருக்காதே!

இதவிட வலிச்சது, கேட்ட அம்மாவுக்கு 'ஓவர் திங்கிங்'னு சிரிப்பு ஸ்மைலி போட்டது. அதே குழந்தை பள்ளிக்கூடம் போனா 'ஒன்னரைக் கண்ணு'ன்னு கூப்பிடப் போறது யாரு, ஒங்க வீட்டுப் பிள்ளைங்கதானே? என்னைக் கூப்பிட்டவங்களோட அப்பா அம்மாவும் நல்லவங்கதான், இப்படித்தான் ஆறுதல் சொல்லுவாங்க.

அவங்க போஸ்ட்ட எடுத்துட்டாங்க, என் மெசேஜுக்கும் பதில் இல்ல. தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா இந்த வாரமே கண் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. ஃபோட்டோல கருவிழி நடுவுல வெள்ளையா தெரிஞ்சா இன்னைக்கே. பயமுறுத்தறேன்னு கமெண்ட் போடறவங்க தாராளமா போடுங்க.