பார்வையாளர் கொடுக்கும் நற்சான்று போதுமா?

ஏதோ ஒரு நாட்டில் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் வெளிநாட்டுப் பார்வையாளர் குழு பேட்டி கொடுக்கும். சில குறைகள் உண்டு, ஆனாலும் மொத்தத்தில் அமைதியாக நடந்தது என்பார்கள். வென்றவர் அந்த இரண்டாவது பாதியை மட்டும் பிடித்துக்கொள்வார். தோற்றவர் குழுவே விலைபோய்விட்டது என்பார். இரண்டு பேரும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதே இல்லை: சாவடி வாரியான எண்கள் எங்கே?

சூசன் ஹைட் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளரின் ஆய்வுகள் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், பார்வையாளர்களை அவர் கொண்டாடுவதும் இல்லை, கேலி செய்வதும் இல்லை. பார்வையாளர் வந்து நிற்பதால் ஓட்டுக் கணக்கில் ஏதாவது மாறுகிறதா என்று அளந்து பார்த்தார். கேட்கச் சுலபம், செய்வது கஷ்டம். பார்வையாளர்கள் கலவரச் சாவடிகளாகத் தேடிப் போனால் அங்கே முறைகேடு அதிகம் தெரியத்தான் செய்யும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

2003 ஆர்மீனிய அதிபர் தேர்தலில் அவருக்கு ஒரு வசதி அமைந்தது. ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்களுக்குச் சாவடிகளைப் பிரித்துக் கொடுத்தவர்கள், எது மோசமான சாவடி என்று பார்த்துக் கொடுக்கவில்லை. ஏறக்குறைய குலுக்கல் மாதிரிதான் அமைந்தது. அதனால் அவர்கள் போன சாவடிகளையும் போகாத சாவடிகளையும் நேர்நேராக ஒப்பிட முடிந்தது. முதல் சுற்றில், பதவியில் இருந்த கொச்சாரியனின் வாக்கு விகிதம் பார்வையாளர் போன சாவடிகளில் சராசரியாகச் சுமார் 6 சதவீதப் புள்ளி குறைவு. இத்தனைக்கும் அவர்கள் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கவில்லை, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த சாவடிக்குப் போனவர்கள். கொச்சாரியன் அன்று அதிகாரபூர்வமாக வாங்கியது 49.5 சதவீதம், பாதியைத் தொடவில்லை. அதனால்தான் இரண்டாம் சுற்று வந்தது. ஒரு பார்வையாளர்கூட வராமல் இருந்திருந்தால் முதல் சுற்றிலேயே கதை முடிந்திருக்கலாம்.

சரி, அப்படியானால் தில்லுமுல்லு செய்ய நினைக்கும் ஆட்சியாளர் இவர்களை ஏன் கூப்பிடுகிறார்? ஹைட்டின் 2011 நூல் இந்தப் புதிரைத்தான் எடுத்துக்கொள்கிறது. கூப்பிடாவிட்டால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், உதவியும் அங்கீகாரமும் போய்விடும் என்பது அவர் பதில். அதனால் கூப்பிட்டுவிட்டு, மாட்டாமல் தப்பிக்கப் பார்க்கிறார்கள். சிலர் மாட்டினார்கள். பிலிப்பைன்ஸில் அதிபர் மார்கோஸ் 1986 பிப்ரவரித் திடீர்த் தேர்தலுக்கு வெளிநாட்டவரை வரவேற்றார். ஆனால் உள்நாட்டுத் தன்னார்வலர்களின் தனி எண்ணிக்கையும், தேர்தல் ஆணையக் கணினி ஊழியர்கள் வேலையை விட்டு வெளிநடப்புச் செய்ததும் அவர் மானத்தை வாங்கின. அதே மாதக் கடைசியில் நாட்டைவிட்டே ஓடினார். 1989இல் பனாமாவில் ராணுவ ஆட்சியாளர் நோரியேகாவின் மோசடியை முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் பகிரங்கமாகச் சொன்னார்.

மாட்டாதவர்கள் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள். பார்வையாளர் இருக்கும் இடத்தில் செய்யாதே, பக்கத்து இடத்தில் செய். கானாவில் 2008 வாக்காளர் பதிவின்போது நஹோமி இச்சினோ, மத்தியாஸ் ஷுண்டெல்ன் இருவரும் நடத்திய சோதனையில் இதேதான் தெரிந்தது. பார்வையாளர் இருந்த மையங்களில் முறைகேடு குறைந்தது, ஆனால் அதில் ஒரு பகுதி பக்கத்து மையங்களுக்கு இடம்பெயர்ந்தது.

என் வாதம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளியாள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அவர் கண் போகும் தூரம் குறைவு. வாக்குப்பதிவு பகலில், வரிசை ஒழுங்காக, புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். தகராறு பெரும்பாலும் அதற்குப் பிறகு, எண்களைக் கூட்டிக் கூட்டி மேலே அனுப்பும் இடத்தில் நடக்கிறது. கென்யாவில் 2017 ஆகஸ்ட் தேர்தலைப் பற்றி வெளிநாட்டுக் குழுக்கள் தொடக்கத்தில் நல்லவிதமாகவே பேசின. செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் 4-2 என்ற பெரும்பான்மையில் முடிவை ரத்து செய்தது. முடிவுகளை மேலே அனுப்பிய முறைதான் அங்கே முக்கியமான பிரச்சினை. மலாவி 2019 இன்னும் வேடிக்கை: முடிவுப் படிவங்களில் ஒயிட்னர் பூசித் திருத்தியிருந்தார்கள்! அந்தத் தேர்தலையும் 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுதேர்தலில் பதவியில் இருந்த முத்தாரிக்கா தோற்றார். அந்த ஒயிட்னர் கறை மட்டும் நீதிபதிகள் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆக, சாவடியிலேயே கையெழுத்தாகி, கதவில் ஒட்டி, எல்லாக் கட்சி ஏஜெண்டுக்கும் ஒரு பிரதி கொடுத்து, இணையத்திலும் ஏற்றப்படும் அந்த ஒற்றை முடிவுத் தாளைத்தான் நான் நம்புவேன். ஆப்கானிஸ்தானில் 2010 தேர்தலில் மைக்கேல் காலன், ஜேம்ஸ் லாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கடிதம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சாவடி முடிவுத் தாளைப் படம் எடுத்து, பிறகு மேலே வரும் எண்ணோடு ஒப்பிடுவோம் என்று அதிகாரிகளிடம் முன்கூட்டியே சொன்ன கடிதம். அது போன சாவடிகளில் செல்வாக்குள்ள வேட்பாளர்களின் ஓட்டு சுமார் கால்பங்கு சரிந்தது. வெனிசுவேலாவில் 2024 ஜூலையில் தேர்தல் ஆணையம் அதிபராக இருந்த மதுரோ வென்றதாக மொத்தக் கணக்கு சொன்னது, சாவடிக் கணக்கைத் தரவில்லை. எதிர்க்கட்சியினர் தங்கள் ஏஜெண்டுகள் வாங்கிவந்த தாள்களில் 80 சதவீதத்துக்கு மேல் இணையத்தில் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு பேச்சு முழுக்க அந்தத் தாள்களைச் சுற்றியே நடந்தது.

தாளையும் போலியாகத் தயாரிக்கலாமே என்று கேட்பீர்கள். தயாரிக்கலாம், ஆனால் ஆயிரக்கணக்கில் தயாரிக்க வேண்டும். மனிதர்கள் கற்பனையில் எண் எழுதினால் கடைசி இலக்கத்தில் ஒழுங்கின்மை போதாமல் போகும் என்று பீபர், ஸ்காக்கோ போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரிச் சோதனைகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு ஆடுவதும் ஆபத்துதான். 2020 அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு பென்ஃபோர்டு விதி (எண்களில் எந்த இலக்கம் எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லும் கணித விதி) என்று சொல்லிச் சமூக ஊடகத்தில் வரைபடங்கள் பறந்தன. தேர்தல் எண்களில் மோசடி தேடுவதையே தொழிலாகக் கொண்ட வால்டர் மீபேன் என்ற பேராசிரியரே, அது தவறான பயன்பாடு என்று உடனே எழுதினார். தோற்றுப்போய்விட்டு மோசடி என்று கத்துபவர்களிடமும் நான் கேட்பது இதுதான்: எந்தச் சாவடி, எந்தத் தாள், உங்கள் ஏஜெண்ட் கையில் இருக்கும் பிரதியில் என்ன எண்?