ஆமாங்க, நான் கொசு ஊர்க்காரன்தான்

எங்கள் சேலத்தைக் கிண்டல் பண்ணும் அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்று ராத்திரி வரைக்கும் பதினோரு பேர் அனுப்பியாச்சு. அதில் நாலு பேர் ‘உங்க ஊரு டிரெண்டிங் மச்சி’ என்று வேறு எழுதியிருந்தார்கள். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். எங்கள் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட்டை வாயில் போட்டுக்கொண்டே கழுத்தில் பட்டென்று அடித்து, ‘சேலத்துல செட்டுக்குத்தான் காசு, டெங்கு ஃப்ரீ’ என்கிறார் வீடியோ போட்ட அந்தத் தம்பி. கேமராவுக்குப் பின்னால் ரெண்டு பேர் சிரிக்கிறார்கள். செட் போட்டுக் கொடுத்த அக்காவும், அவர் என்ன சொன்னார் என்று சரியாகக் காதில் விழாமலே, சிரிக்கிறார். எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

முதலில் ஒரு விஷயம். டெங்குக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. கமெண்டில் ‘அழுக்கு ஊரு, அனுபவிக்கட்டும்’ என்று எழுதிய நூற்றுக்கணக்கான அறிவாளிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாக்கடைக் கொசு வேறு ஜாதி. அது ராத்திரியில் கடிக்கும். டெங்கைப் பரப்பும் ஏடிஸ், காலில் வெள்ளை வரி போட்டுக்கொண்டு பகலில் கடிக்கும். அது முட்டையிடுவது நாம் குடிக்கப் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரில்.

நாங்கள் ஏன் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம்? ஆசையா? 1934-இல் திறந்த மேட்டூர் அணை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 120 அடி நிரம்பினால் டெல்டாவே கொண்டாடும், நாங்களும் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வருவோம். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதோ எட்டு நாளைக்கு ஒரு தரம், சில சமயம் பத்து. அப்போது டிரம், சிமெண்டுத் தொட்டி, அண்டா, பழைய பெயிண்ட் பக்கெட் வரை எல்லாவற்றிலும் பிடித்து வைக்கத்தான் வேண்டும். ஏடிஸ் முட்டை கொசுவாகிப் பறக்க எத்தனை நாள் ஆகும் தெரியுமா? ஏறக்குறைய அதே எட்டு, பத்து நாள். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். இதில் அழுக்கு எங்கே வந்தது?

‘திருமணிமுத்தாறு நாறுதே, அதுக்கு என்ன சொல்ற?’ என்பீர்கள். நாறுகிறது. கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துத் திட்டிக்கொண்டுதான் போகிறேன். அது நாங்கள் கெடுத்த ஆறு, நாங்கள் திட்டிக்கொள்கிறோம். அந்தத் தம்பி சொன்னது ஆற்றைப் பற்றி அல்ல.

‘ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும்’ என்பீர்கள். சரி, எடுத்துக்கொண்டேன். சிரிப்பு வந்ததும் சொல்லி அனுப்புகிறேன்.

‘நீயே போன வருஷம் கோயம்புத்தூரைக் கிண்டல் பண்ணினியே’ என்று ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்திருக்கிறார். பண்ணினேன். அது சாம்பாரைப் பற்றி. டெங்கு மாதிரி, சாம்பாரால் யாருக்கும் ரத்தத்தில் பிளேட்லெட் குறையாது.

பிளேட்லெட் என்றதும் 2017 ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 23,000 பேருக்கு மேல் டெங்கு, 65 பேர் சாவு. இது அரசுக் கணக்கு. பக்கத்தில் கேரளாவிலும் கிட்டத்தட்ட 20,000 பேருக்கு வந்தது. கேரளாவை அழுக்கு மாநிலம் என்று யாரும் ஜோக் அடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, அங்கே போட்ஹவுஸ் இருக்கிறதல்லவா. அந்த ஐப்பசியில் என் தங்கச்சி மகன் ஒன்பது வயசில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு கட்டிலில் ரெண்டு குழந்தைகள். அவனுக்குப் பிளேட்லெட் 22,000-க்கு இறங்கிவிட்டது. அம்மா ஒரு பக்கம் மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டார், இன்னொரு பக்கம் பிளாஸ்கில் நிலவேம்புக் கஷாயம். எதிர்வீட்டு அக்கா காலையில் எழுந்ததும் பப்பாளி இலை அரைத்துக் கொண்டுவந்து, ‘கண்ணு, மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஒரே மடக்கு’ என்பார். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இப்போது சண்டைக்கு வராதீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ரத்தம் வேண்டும் என்று மத்தியானம் சொன்னார்கள். நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் போன் பண்ணினேன். சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலிருந்து ஏழு பையன்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தன் பெயரும் எனக்குத் தெரியாது. எத்தனை தரம் கழுவியும் விரல் இடுக்கில் பட்டறைக் கரி போகவில்லை, நர்ஸம்மா திட்டிக்கொண்டே பஞ்சால் துடைத்தார். கூலி போயிருக்குமே தம்பி என்று கேட்டேன். ‘அதெல்லாம் பாத்துக்கலாங்ணா’ என்றான் ஒருத்தன். இந்த ஊரைத்தான் ஐயா நீங்கள் ஃப்ரீ டெங்கு என்கிறீர்கள்.

ஊர்ப்பாசம் கண்ணை மறைக்கிறது என்று நினைப்பவர்களுக்காக என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன மாசம் டார்ச் லைட்டோடு கொசு ஒழிப்புப் பணிக்கு ஓர் அம்மா வந்தார். தொட்டியைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். ‘அண்ணா, ஃபிரிட்ஜைக் கொஞ்சம் இழுங்க’ என்றார். பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அரிசி நீளத்தில் கொசுப் புழுக்கள் நெளிகின்றன. ஒரு டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘எல்லா வீட்லயும் இருக்குங்ண்ணா, நீங்க மட்டும் இல்ல’ என்று ஆறுதல் வேறு. நாளெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்குகிறார், சில வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவார்களாம். அந்த அம்மாவை வைத்து யாராவது ஒரு வீடியோ போட்டிருந்தால் நான் பதினோரு பேருக்கு அனுப்பியிருப்பேன்.

அப்பா அம்மாப்பேட்டையில் குழித்தறி நெய்தவர். காலைக் குழிக்குள் விட்டுப் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். குழிக்குள் இருட்டு, குளிர்ச்சி. பகலில் கடிக்கிற கொசுவுக்கு அதைவிட என்ன வேண்டும்? முழங்காலுக்குக் கீழே அம்மா வேப்பெண்ணெய் தடவி விடுவார், வீடே கசக்கும். அப்படி நெய்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு நீங்கள் கல்யாணத்தில் செல்ஃபி எடுக்கிறீர்கள்.

சரி, கொசுவை நாங்கள் மட்டுமா வளர்க்கிறோம்? மே மாசம் ஆனால் எங்கள் சேர்வராயன் மலை, அதான் ஏற்காடு, உங்களுக்கு வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் காரை நிறுத்தி இறங்கி, டீ கப், சிப்ஸ் பாக்கெட், பாட்டில் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறீர்கள். ஒரு மழை பெய்தால் ஒவ்வொரு கப்பும் ஒரு குட்டித் தொட்டி. காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். இதையெல்லாம் நாங்கள் வீடியோ போட்டோமா? 2021 மே மாசம் கொரோனா சமயத்தில் சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கை போட்டார்களே, அதையாவது நீங்கள் வீடியோ போட்டீர்களா?

எங்கெங்கேயோ போய்விட்டேன். உண்மையில் அந்தத் தம்பி மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர் யாரோ, வியூஸுக்கு என்னவோ பண்ணுகிறார். கீழே சிரிப்பு எமோஜி போட்ட பட்டியலை இறக்கிக்கொண்டே போனேன். எட்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இருக்கிறான். இப்போது பெங்களூரில் இருக்கிறான். எமோஜியோடு ‘ட்ரூ ப்ரோ, அதான் நான் ஓடி வந்துட்டேன்’ என்று எழுதியிருக்கிறான். ஓடிப்போனவனுக்கு ஒவ்வொரு மேயிலும் ஒரு பெட்டி மல்கோவா பஸ்ஸில் போட்டு அனுப்புவது நான்தான். வைக்கோல் வைத்து, ஒன்றோடொன்று உரசாமல், நானே அடுக்கி. இந்தத் தரம் பெட்டியில் என்ன வைத்து அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தட்டுவடைக் கடை எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு. நேற்று சாயங்காலம் போனேன். அக்கா கேரட் துருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ‘தம்பி, ஏதோ வீடியோவுல நான் வந்திருக்கேனாமே, ஆயிரக்கணக்குல பாத்திருக்காங்களாமே, உன் போன்ல காட்டேன்’ என்றார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டவே வந்துவிட்டார்.

நெட் வேலை செய்யலைக்கா என்று சொல்லிவிட்டு, செட்டுக்குக் காரம் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொன்னேன்.