கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூர் கூட்டத்தில், கூடங்குளம் அணுஉலையை எதிர்த்துப் போராடிய மீனவர்களைப் பற்றி ஒரு பெரியவர் பேசியதை நிறையப் பேர் பகிர்ந்துவிட்டீர்கள். "மீன் பிடிக்கிறவனுக்கு அணுஉலையைப் பற்றி என்ன தெரியும்" என்றாரே, அரங்கமே சிரித்ததே, எனக்கு ஆறாதது அதுதான்.

என் அத்தை கூத்தன்குழியில் இருக்கிறார், கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரை. பள்ளிக்கூடம் போகாதவர். 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்தவர். உலை கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே என்னிடம் கேட்டார்: "அலை உள்ள வந்து கரண்டும் போச்சுன்னா அத எப்படில ஆத்துவாவ?"

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்தது இதேதான். சுனாமி புகுந்து டீசல் ஜெனரேட்டர்கள் நின்றன, உலைகளைக் குளிர்விக்க வழியில்லாமல் போனது. 15 மீட்டருக்கு மேல் அலை வரலாம் என்று அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ கம்பெனியின் சொந்தக் கணக்கே 2008இல் சொல்லியிருந்தது. படித்தவர்கள்தான் அதை ஓரமாக வைத்தார்கள். இப்போது சொல்லுங்கள், அத்தை கேட்டது ஒன்றும் தெரியாதவர் கேட்கிற கேள்வியா?

கூடங்குளம் வேறு டிசைன் என்பீர்கள். சரி. மின்சாரம் முழுக்க நின்றாலும் வெளிக்காற்றைக் கொண்டே வெப்பத்தைத் தணிக்கிற ஏற்பாடு அங்கே உண்டு. நல்ல பதில். இதை அத்தையிடம் யார் வந்து சொன்னார்கள்? கூடங்குளத்தை நடத்துகிற இந்திய அணுமின் கழகத்தின் தலைமை அலுவலகம் நம் மும்பை அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. என் நண்பர்களே அங்கே வேலை பார்க்கிறார்கள், அவர்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை.

தாராப்பூர் அணுமின் நிலையம் 1969இலிருந்து மின்சாரம் தருகிறதே என்றால், தரட்டும். மூடச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்கிறேன்.

2019 அக்டோபரில் கூடங்குளக் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று செய்தி வந்தபோது, சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் ஒன்றில் அது இருந்தது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் என்ன? இப்படிச் செய்துவிட்டு, பயப்படுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

அப்புறம், வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டுதான் போராடினார்கள் என்கிற அந்தப் பேச்சு. எங்கள் ஆட்கள் மேல் தேசத்துரோக வழக்கே போட்டார்கள். உலை இயங்கலாம் என்று 2013 மே மாதம் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்றது. அதற்குப் பிறகும் அந்தப் பக்கத்துப் பையன்கள் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தார்கள். கப்பல் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள் ஐயா அவர்கள். யாரிடம் காசு வாங்கினார்கள் என்று பேசுவதற்கு முன், அவர்கள் வீட்டில் ஒரு நாள் போய் உட்காருங்கள்.