கிழங்கு மலையில், மா கப்பலில்

கொழும்பில் யாராவது கடைக்காரர் "இது நுவரெலியா உருளைக்கிழங்கு" என்று நீட்டினால், தோலில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். வெளிநாட்டுக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி உள்ளூர்க் கிழங்கென்று விற்றவர்களை அதிகாரிகள் பிடித்த செய்தி அவ்வப்போது வருகிறது. நம் மண்ணுக்கு மார்க்கட்டில் இருக்கும் மவுசு அப்படி.

அறுவடைக் காலம் வந்தால் முகநூலில் ஒரே சண்டை. இறக்குமதி வரியை ஏற்று என்பார் வெலிமடை விவசாயி. விலையைக் குறை என்பார் டவுனில் இருப்பவர். வரியை மாற்றும் வர்த்தமானி வருவதற்குள் கிழங்கு லொறியேறி முடிந்திருக்கும். 60களின் கடைசியில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 90களில் திறந்துவிட்டார்கள், அதன்பிறகு வரியை ஏற்றி இறக்கியே காலம் போகிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சத்தத்தில், அந்தக் கிழங்கை நாம் ஒரு மரக்கறியாக மட்டுமே பார்க்கிறோம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

உலகம் அப்படிப் பார்க்கவில்லை. மனிதர் சாப்பிடும் பயிர்களில் அரிசிக்கும் கோதுமைக்கும் அடுத்தது இதுதான். வருடத்துக்கு 37 கோடித் தொன்னுக்கு மேல் விளைகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் சீனாவிலும் இந்தியாவிலும். அரிசியிலேயே ஊறிய சீனா 2015இல் உருளைக்கிழங்கையும் பிரதான உணவாக்கப் போவதாக அறிவித்தது. 2024இலிருந்து மே 30ஆம் திகதியை ஐ.நா. உலக உருளைக்கிழங்கு நாளாக வைத்திருக்கிறது. நம் பக்கம் அந்த நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இந்தப் பயிருக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? கொஞ்ச நிலத்தில், மூன்று மாதத்தில், ஆலை இல்லாமல் அடுப்புக்குப் போகிற சாப்பாடு இது. அதனால்தான் எந்த நாட்டிலும் நிலம் இல்லாதவன் கையில்தான் இது போய்ச் சேர்ந்தது. பிறந்த இடமும் நம்மைப் போல மலைநாடுதான்: பெருவும் பொலிவியாவும் சந்திக்கும் டிடிகாகா ஏரிப் பக்கம், ஏழாயிரம் வருடத்துக்கு முன்பே. அங்கே இரவுப் பனியில் கிழங்கை உறைய விட்டு, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரை எடுத்து, வெயிலில் காயவைத்து வருடக் கணக்கில் வைத்திருந்தார்கள். ஸ்பானியர் வந்து, இன்று பொலிவியாவில் இருக்கும் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்தில் அதே மக்களை இறக்கி, அதே காய்ந்த கிழங்கைச் சாப்பாடாகக் கொடுத்தார்கள்.

அயர்லாந்துக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். குத்தகைத் துண்டு நிலம், பெரும்பாலும் ஒரே இனக் கிழங்கு. 1845இல் இலைக்கருகல் வந்தது. 1852க்குள் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்சத்திலும் அங்கிருந்து தானியமும் மாடும் ஏற்றுமதி ஆகிக்கொண்டுதான் இருந்தது. நோய் கிழங்குக்கு; ஆளைக் கொன்றது நிலமில்லாத வாழ்க்கை.

இதில் நமக்கு ஒரு தொடுப்பும் இருக்கிறது. அந்தக் கருகலுக்குக் காரணம் பூஞ்சைதான் என்று 1846இல் வாதாடியவர் பெர்க்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1869இல் இலங்கைக் கோப்பிச் செடியின் இலை அவரிடம் போனபோது, அதில் இருந்த துருநோய்க்குப் பெயர் வைத்து விவரித்தவரும் அவரே. அந்தத் துருதான் கோப்பியை அழித்துத் தேயிலையைக் கொண்டுவந்தது. நம் பாட்டன் பூட்டனைக் கொழுந்துக் கூடைக்கு மாற்றியதும் அதுதான். அயர்லாந்தில் பஞ்சம் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் இங்கே சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் வெள்ளைக்காரக் காய்கறிகளைப் போட்டுப் பார்க்க வந்தார். அவர் போட்டவற்றில் உருளைக்கிழங்கும் ஒன்று.

சரி, இப்போது நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கந்தப்பளைப் பக்கம் வாருங்கள். தேயிலைத் தோட்டத்து எல்லையிலேயே கிழங்கு வயல். தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் லயத்துப் பெண்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் இருப்பவர்கள்) அங்கேதான் நாட்கூலிக்குப் போவார்கள். செடி காய்ந்து படுத்த பிறகு ஆண்கள் முன்னால் மம்மட்டி போட்டுப் போக, பெண்கள் பின்னால் குனிந்தபடியே பொறுக்கி, பெரிது, நடுத்தரம், பொடி என்று வெவ்வேறு சாக்கில் போடுவார்கள். மம்மட்டி பட்டு வெட்டுண்டது லொறி ஏறாது; இரண்டு நாளில் அழுக ஆரம்பித்துவிடும். அதுதான் ஷொப்பிங் பேக்கில் லயத்துக்கு வரும். எங்கள் வீட்டில் கிழங்குக் கறி என்றால் பல நாள் அந்த வெட்டுக்கிழங்குதான். கறுத்த பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பிரட்டி எடுப்பார் அம்மா. பிரட்டல் நன்றாகத்தான் இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

தொட்டுக்கொள்ளத்தான் அது. வயிற்றை நிரப்புவது கோதுமை மா ரொட்டி. அந்தக் கோதுமையில் ஒரு மணிகூட இந்த நாட்டில் விளைவதில்லை, எல்லாமே கப்பலில் வருவது. 2022இல் மா விலை ஏறியபோது லயங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது நமக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் உலகத்தின் மூன்றாவது பெரிய உணவுப் பயிர் நின்றது, இந்தப் பக்கம் மாவுக்குத் திண்டாட்டம். அதை யாரும் விசித்திரமாகக்கூட நினைக்கவில்லை.

அதற்காக ரொட்டியை விட்டுவிட்டுக் கிழங்கு சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்ட மக்களுக்குக் கட்டிக்கொடுக்கும் புது வீட்டுக் காணியில் வீடு போக ஒரு 2 பேர்ச்சஸ் (ஏறக்குறைய 50 சதுர மீட்டர்) மண் மிஞ்சும் என்று வைப்போம். ஹெக்டயருக்கு 15 தொன் என்ற சாதாரண விளைச்சல் வந்தாலே அதில் 75 கிலோ கிழங்கு கிடைக்கும். கிழங்கில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்; சக்தியாகப் பார்த்தால் அது ஏறக்குறைய 16 கிலோ மாவுக்குத்தான் சமம். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் மா இல்லாத மாதத்தில் 16 கிலோ என்பது சின்ன விஷயமா? மாவில் இல்லாத விட்டமின் சியும் கூட வருகிறது. சீனி வருத்தக்காரர்கள் அடிக்க வர வேண்டாம். ரொட்டிக்கு மேல் கிழங்கு வேண்டாம், ரொட்டிக்குப் பதிலாக ஒரு வேளை அவித்த கிழங்கும் கட்டைச் சம்பலும் என்றுதான் சொல்கிறேன்.

சரிவை வெட்டி மரக்கறி போட்டால் மண் ஆற்றோடு போகும் என்ற பேச்சும் நியாயமானது. செங்குத்தான தேயிலை மலையைப் பிடுங்கிக் கிழங்கு போடச் சொல்பவர்களோடு எனக்கும் உடன்பாடில்லை. வீட்டைச் சுற்றி, கல்வரம்பு கட்டிய தட்டில் போடுவது வேறு.

உண்மையான முட்டுக்கட்டை விதை. நெல்லென்றால் ஏக்கருக்கு 2 புசல் (ஏறக்குறைய 40 கிலோ) போதும். கிழங்குக்கு விதையே கிழங்குதான், ஏக்கருக்கு ஒரு தொன் அளவுக்குப் போகும். வயலில் எடுத்ததையே திரும்பத் திரும்ப நட்டால் வைரஸ் சேர்ந்து விளைச்சல் விழுந்துவிடும். ஆகவே நல்ல விதை நெதர்லாந்திலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வருகிறது. நுவரெலியாவுக்குப் பக்கத்துச் சீதா எலியவில், ஆய்வுகூடத்தில் நோயில்லாத நாற்றை வளர்ப்பதில் (திசு வளர்ப்பு) தொடங்கி, இங்கேயும் விதை செய்கிறார்கள். செலவில் பெரும் பங்கு விதைக்கே போவதால் கையில் காசுள்ளவர்தான் கிழங்கு போடலாம். அதிலும் பெரும்பாலும் கிரனோலா என்ற ஒரே இனம். அயர்லாந்துக் கதை தெரிந்தவனுக்கு இது கொஞ்சம் நெருடும். வேறு இனமே இல்லை என்றும் சொல்ல முடியாது: பெருவின் தலைநகர் லீமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தில் ஆயிரக்கணக்கான இனங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

வரியைப் பற்றிப் பேசும் நம் அரசியல்வாதிகள் இதையும் கொஞ்சம் பேசட்டும். 2 பேர்ச்சஸுக்கு வேண்டிய விதை 10 அல்லது 12 கிலோதான். மூட்டைக் கணக்கில் விற்பதை லயத்துக் குடும்பம் வாங்காது. அரச விதைப் பண்ணைகளிலிருந்து 10 கிலோப் பைகளாக, நோயில்லாத விதையை, நடுகைக்கு முன்னால் தோட்டத்துக் கூட்டுறவுக் கடையிலேயே கொடுக்க முடியுமா? அடுத்த முறை வாக்குக் கேட்டு லயத்துக்கு வருகிறவரிடம் நான் கேட்கப் போவது இதைத்தான். நீங்களும் கேளுங்கள்.