தொண்ணூறு நாள் விதியும் மலையில் எட்டும் ஒரே சிக்னலும்

ஏற்காட்டையும் தாண்டிச் சேர்வராயன் மலைக்குள் இன்னும் சில மைல் போனால் என் பெரியப்பாவின் காப்பித் தோட்டம் வரும். காப்பிக்கும் மிளகுக்கும் வியாபாரி என்ன விலை சொல்கிறார் என்பதை அவர் கைபேசியில்தான் கேட்டறிகிறார். அந்த மேட்டில் ஒரே ஒரு நிறுவனத்தின் சிக்னல்தான் எட்டுகிறது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடெங்கும் இருக்கிறது. மாறிப் போக இன்னொரு சிக்னல் இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்? 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியபோது, நிறுவனம் கேட்ட பணத்தைப் பெரியப்பா கட்டினார், வேறு வழி இருக்கவில்லை.

இதைச் சந்தையின் இயல்பு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு நான் உடன்படவில்லை. போட்டி நடந்துகொண்டிருந்தபோதே தீர்க்கப்பட வேண்டிய வழக்குகள் காலம் கடந்து தீர்க்கப்பட்டதே இதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ, அழைப்பையும் டேட்டாவையும் இலவசமாகத் தந்தபடி சந்தைக்கு வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒரு சலுகைத் திட்டம் 90 நாட்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. அந்தக் கெடு டிசம்பர் 3-இல் முடிந்தது; மறுநாள் முதல், தினசரி டேட்டா அளவை மட்டும் குறைத்து, வேறு பெயரில் 2017 மார்ச் 31 வரை இலவசம் தொடர்ந்தது. இது பழைய சலுகையின் நீட்டிப்பு அல்ல, புதிய சலுகை என்று டிராய் ஏற்றுக்கொண்டது. பெயரை மாற்றினால் நாட்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்றால், அந்த விதி யாரைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டது? இந்த இலவசத்துக்கு எதிராக ஏர்டெல் கொடுத்த புகாரையும், சந்தையில் நியாயமான போட்டியைக் காக்க வேண்டிய போட்டி ஆணையம் 2017 ஜூனில் தள்ளுபடி செய்தது. புதிதாக வந்தவருக்குச் சந்தையில் ஆதிக்கம் இல்லை, ஆகவே ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அதன் நிலை. சட்டத்தின் சொற்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் நட்டத்தைத் தாங்கும் தாய் நிறுவனத்தின் பண பலத்தைப் பார்க்காமல், அன்றைய வாடிக்கையாளர் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆதிக்கத்தை அளப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய நிறுவனங்களும் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜியோவின் புதிய வலையமைப்பிலிருந்து வரும் அழைப்புகளைத் தங்கள் வலையமைப்புக்குள் ஏற்கப் போதிய இணைப்பு முனைகளைத் தரவில்லை என்று கூறி, ஏர்டெல், வோடஃபோன், ஐடியா ஆகிய மூன்றின் மீதும் மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்குமாறு 2016 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்தது. இரு தரப்பும் சண்டையிட்டபோது பாதியில் அறுந்தவை சாதாரண மக்களின் அழைப்புகள்.

தொலைபேசிச் சேவைக்கு உரிமம் வழங்கியதிலும், காலம் கடந்து தீர்க்கும் இதே கோளாறுதான். நாடு முழுவதற்குமான உரிமத்துக்கு 2001-இல் அமைந்த விலை 1,658 கோடி ரூபாய். அதே விலைக்கு, முந்தி வந்தவருக்கு முதலில் என்ற முறையில் 2008-இல் கொடுக்கப்பட்ட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று ரத்து செய்தது. அதன் பிறகும், இணையச் சேவைக்கென்று அலைக்கற்றை வாங்கிய நிறுவனங்கள் குரல் அழைப்பும் வழங்க 2013-இல் அரசு அனுமதித்தபோது வாங்கிய கட்டணம் அதே 1,658 கோடிதான். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் கைபேசி ஏராளமான வீடுகளுக்குப் பரவிவிட்டது. விலை மட்டும் அசையவில்லை.

டிராய் அடுத்த முறை கட்டணம் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது நான் எழுதப்போவது இரண்டு கோரிக்கைகள். சலுகைக் கட்டணம் பற்றிய புகாரை, அந்தச் சலுகை நடப்பில் இருக்கும் காலத்துக்குள்ளேயே தீர்க்க வேண்டும். போட்டி இருக்கிறதா என்பதைத் தமிழ்நாடு என்ற தொலைத்தொடர்பு வட்டம் (சேவைப் பகுதி) முழுவதற்குமாக அளக்காமல், பெரியப்பாவின் தோட்டம் போன்ற இடங்களில் எத்தனை சிக்னல் எட்டுகிறது என்று ஊர் ஊராக அளக்க வேண்டும்.